எட்டுக்காலி நடந்த கை

எங்கள் வீட்டில் எட்டுக்காலியைக் கொல்லக் கூடாது என்று ஆனது என் இடது கையினால்தான். அதற்கு முன்பு கொன்றுகொண்டுதான் இருந்தோம். அம்மா துடைப்பத்தின் அடிப்பக்கத்தால் ஒரே போடு போடுவாள். அப்பா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று திசை சொல்வார். கீழே கிடங்கில் ஆள் உயர மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுக்க நின்று எடை பார்க்கிற மனுஷன், ஒரு பூச்சிக்காக வேட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறுவார். எனக்கும் அம்மாவுக்கும் சிரிப்பு அடங்காது. அந்த வீட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் பெரும்பாலும் அதைப் பார்த்துச் சிரித்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய பண்டகசாலை ஒன்றின் மேல்மாடி. இரண்டு அறை, ஒரு அடுக்களை. தரை பலகை. பலகை இடுக்கில் கண்ணை வைத்தால் கீழே மூட்டைகளின் முதுகு தெரியும். எங்களுக்கு அவை தெரிந்தது போல அவற்றில் இருந்தவற்றுக்கு எங்களைத் தெரிந்திருந்தது. சுக்கைத் துளைக்கிற வண்டு, கடுகை விடக் கொஞ்சம் பெரிசு, இடுக்கு வழியே மேலே வந்து அரிசியில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், என் பாடப் புத்தகத்தின் முதுகில் ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளே இருக்கும். அதைத் தின்னப் பல்லி. சோற்றுப் பருக்கைக்குக் கரப்பான். மழை பிடித்துச் சுவர் வியர்க்கத் தொடங்கினால் பூரான். கீழே மூட்டைகளுக்கு மருந்து வைக்கிற நாட்களில் ஓட முடிந்த உயிரெல்லாம் ஓடி மேலே வரும். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால், யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் சந்தேகமாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, சுவரில், எட்டுக்காலி. விரித்த கை அளவு. வலை கட்டாத ஜாதி. தவிட்டு நிறம், சப்பை உடம்பு, நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். பெண் எட்டுக்காலி வயிற்றுக்கடியில் வெள்ளையாக ஒரு வட்டை அணைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். அது முட்டைப் பை. அசையாது. பார்த்துக்கொண்டே இருப்பது போல இருக்கும். உண்மையில் பார்த்ததோ என்னவோ.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்து ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஹையர் தேறிவிட்டால் ஏலூரில் உரக் கம்பெனிகள், களமசேரியில் தொழிற்சாலைகள், எங்காவது ஒரு மேஜை கிடைக்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பலகைத் தரையிலிருந்து இறங்க எனக்கு இருந்த ஒரே படி என் பத்து விரல்கள். அதை யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம்தான் இடது முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கமாக, ஒரு வெளிறல் வந்தது. வெற்றிலைக் கொழுந்து அளவு. தேமல் என்று நினைத்தேன். எதிர் மாடியில் இருந்த சேச்சிதான் முதலில் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தவள்.

"எந்தா மோளே இது? அம்மே, இங்கோட்டு வா, இதெப் பாரு. எட்டுக்காலி தன்னெ. சம்சயமில்ல. உறங்கும்போ மேல நடந்து மூத்திரம் ஒழிச்சுட்டுப் போயிருக்கு."

அந்தப் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் எட்டுக்காலிதான். கொப்புளம், படை, தடிப்பு, எல்லாவற்றுக்கும் அதன் மேல்தான் பழி. அதற்கென்று வைத்தியர் உண்டு, பத்தியம் உண்டு, கிழக்கே மலைப் பக்கம் எட்டுக்காலி விஷத்தைத் தீர்க்கிற அம்மன் கோயிலே உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆன எங்களுக்கும் அதில் சந்தேகம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் எப்படி வரும்?

விஷ வைத்தியர் இடக்கொச்சியில் காயல் ஓரமாக இருந்தார். கையைத் தொடாமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டார்.

"அரிக்குதா?"

"இல்ல."

"எரியுதா?"

"இல்ல."

"நோவு?"

"ஒண்ணும் இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ விஷம் கம்மி. பாக்கியம் உள்ள குட்டி." அம்மா அங்கேயே கண்ணை மூடிக் கும்பிட்டாள். வலி இல்லாததை நாங்கள் மூன்று பேரும் கொண்டாடினோம். திரும்பி வரும்போது அப்பா சாயாக்கடையில் நிறுத்தி எனக்கு ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

நீலமரியும் துளசியும் மஞ்சளும் அரைத்த பற்று. மீன் கூடாது, கத்திரிக்காய் கூடாது. அதோடு அம்மா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். சேச்சி சொன்ன கிழக்குக் கோயிலை நினைத்து விளக்கின் முன் நின்று வேண்டிக்கொண்டாள்: பிள்ளை கையில் இருக்கிற அடையாளம் மறைகிறவரை இந்த வீட்டில் ஓர் எட்டுக்காலியையும் கொல்வதில்லை, மறைந்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அன்றிலிருந்து துடைப்பம் தரையை மட்டும் கூட்டியது.

இரண்டு வருஷம். கொல்லப்படாத வீடு எப்படி இருக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அடுக்களையில் ஒன்று, சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று, அப்பா சட்டை மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் ஒன்று. குளியலறைக் கதவின் உட்பக்கம் நிரந்தரமாக ஒன்று. அப்பா வெளியே துண்டோடு நின்று அதனிடம் பேசுவார். "ஐயா, நீங்க குளிச்சாச்சா? கொஞ்சம் வெளிய வந்தா நான் குளிக்கலாம்." அது வராது. அவர் குளிக்காமல் எடைக்குப் போவார். கரப்பான் குறைந்தது. பழைய கால்கள், கழற்றிப் போட்ட தோல்கள், காற்றில்லாத மூலைகளில் சேர்ந்தன. விளக்கு ஏற்றும்போது சுவரில் எங்கள் நிழலை விட அவற்றின் நிழல் பெரிதாக இருக்கும். நாங்கள் மெதுவாகப் பேசப் பழகினோம். பேச்சுக்கு அவை ஓடிவிடும் என்றா, வந்துவிடும் என்றா, தெரியாது.

பற்றுக்கு அடியில் வெளிறல் வளர்ந்தது. நீலமும் மஞ்சளும் பூசிய கையில் எதன் எல்லை எது என்று யாருக்கும் தெரியவில்லை.

டைப்பிங் மாஸ்டர்தான் முதலில் எதையோ கண்டார், என்னவென்று தெரியாமல். நான் அடித்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்தக் கடலாசுல எல்லா எழுத்தும் நல்லா சோறு தின்னிருக்கு. இந்த 'ஏ' மட்டும் என்ன, பட்டினியா?" வகுப்பு சிரித்தது. இடது சுண்டுவிரல் அடிக்கிற ஆங்கில எழுத்து அது. தாள் முழுக்க அந்த ஓர் எழுத்து மட்டும் வெளிறிக் கிடந்தது. நான் பலமாக அடித்தேன். இன்னும் பலமாக. விரல் கேட்டது போல இருந்தது, கேட்கவில்லை.

ஆடி மழை. கர்க்கிடகம் என்பார்கள் அங்கே, சொல்லிலேயே ஈரம் இருக்கும். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்தேன். அம்மா சேச்சி வீட்டில். மழைக்குச் சுவரிலிருந்து இறங்கிய எட்டுக்காலி ஒன்று விரித்துக் கிடந்த என் இடது உள்ளங்கையின் ஓரத்தில் ஏறியது. நான் அசையவில்லை. பயம் எப்போதோ போய்விட்டிருந்தது. எட்டுக் கால்களும் எட்டுக் குளிர்ந்த ஊசி முனைகளாக மணிக்கட்டில் நடந்தன. கூச்சமாக இருந்தது. மணிக்கட்டைத் தாண்டியது. முன்கையில் ஏறியது. அப்புறம் காணாமல் போனது.

கண்ணுக்கு அது இருந்தது. கைக்கு இல்லை. பற்றுக் காய்ந்து உதிர்ந்த வெளிறலின் மேல் அது நடந்துகொண்டிருப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாருடைய கையிலோ நடப்பதைப் பார்ப்பது போல. ஒரு ஜாண் தூரம். முழங்கை மடிப்பில் மறுபடியும் கால்கள் வந்தன, எட்டும், திடீரென்று, வாசல் தாண்டி வந்தவை போல. அதை இன்னொரு தடவை நடக்க வைத்தேன். விரலால் மெல்லத் தள்ளித் திருப்பினேன். அது அதே வழியாக இறங்கியது. அதே இடத்தில் மறைந்தது.

எழுந்து ஊக்கு எடுத்துக் குத்தினேன். கொதிக்கிற சாயா கிளாஸை வைத்துப் பார்த்தேன். மழை பெய்துகொண்டே இருந்தது.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சர்க்கார் டிஸ்பென்சரி சுவரில் எழுதியிருந்ததைப் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் படித்திருக்கிறேன், தொட்டால் தெரியாத தேமல் என்று. போட் ஜெட்டியில் துணி சுற்றிய கைகளோடு உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித்தான் எறணாகுளம் போவோம். அம்மா அந்த இடத்தில் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவாள். அந்த வியாதியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. எட்டுக்காலி விஷம் என்றால் தெருவில் நின்று சொல்லலாம். சேச்சி கையைப் பிடித்துப் பார்ப்பாள். மற்றதைச் சொன்னால் எந்தக் கை என் கையைத் தொடும்? எந்த ஆபீஸ் என்னை மேஜையில் உட்கார வைக்கும்?

மூன்று நாள் கழித்து, அம்மா பற்றுப் போட கையை எடுத்தவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடி, இது குறையலையே. கூடுன மாதிரின்னா இருக்கு."

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"ஒரு சொறியும் இல்ல, சிரங்கும் இல்ல. எனக்கு என்னமோ... நாளைக்கு அக்கரைல பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு போயிட்டு வரலாமா? அப்பாட்ட சொல்லட்டா?"

"அரிக்குதும்மா" என்றேன்.

"என்னது?"

"ரெண்டு நாளா பயங்கரமா அரிக்குது. எரியுது." அவள் கண் முன்னாலேயே நகத்தால் பறண்டினேன். தோல் சிவந்தது. ரத்தம் துளிர்த்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முகத்தை மட்டும் சுளித்தேன்.

அம்மாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். பாரம் இறங்கிய இறக்கம். "அப்போ எட்டுக்காலிதான். விஷம் வெளிய வருதுடி. விஷம் இறங்கும்போ அரிச்சா நல்லதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு." ஓடிப்போய் சேச்சியிடம் சொன்னாள். சேச்சி வந்து வாயில் கையை வைத்து, "இனி பேடிக்கண்டா, பயம் வேண்டா மோளே. சரியாயிக்கோளும்" என்றாள். ஆஸ்பத்திரிப் பேச்சு அங்கேயே நின்றது.

அதன் பிறகு தினமும் அரித்தது. காலையில் சொறிந்தேன், சாயங்காலம் சொறிந்தேன், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சொறிந்தேன். சுவரிலிருந்த எட்டுக்காலிகளைப் பார்க்கும்போது ஒரு நன்றி வரும். அவை இருக்கிறவரை நான் பிழைத்தேன் என்று. கீழே மருந்து வைத்த பிறகு செத்து விழுந்தவற்றைப் பார்த்தால் சுவரில் மிஞ்சியவற்றை எண்ணுவேன். இது போக, சுண்டுவிரல். ஆவணியில் சற்று வளைந்தது. புரட்டாசியில் நிமிர மறுத்தது. டைப் மெஷினில் அது விசையைத் தேடிப் போய் பக்கத்தில் விழும். மோதிர விரலை நகர்த்தி அந்த எழுத்தையும் அடித்தேன். வேகம் விழுந்தது. மாஸ்டர் சிரிப்பதை நிறுத்தினார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் கட்டையில் இடது கையை ஊன்றிக்கொண்டு வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அப்பா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"அனங்காதே" என்றார் மெல்ல. "அப்படியே இரு."

"என்ன?"

நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அதில் ஏறவில்லை. மூன்று எட்டில் வந்து, வெறும் கையால், என் முன்கையை ஓங்கித் துடைத்தார். முட்டைப் பையோடு ஒரு பெரிய எட்டுக்காலி தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது. அவர் கையை வேட்டியில் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"எவ்வளவு நேரமா அங்க உக்காந்திருந்துச்சு?"

என்னிடம் பொய் தயாராக இல்லை. "தெரியலப்பா."

"தெரியலையா?"

துண்டைத் தோளில் போட்டார். என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். தராசில் முள் ஆடி அடங்குகிறவரை வாயைத் திறக்காத மனுஷன்; அதே முகம்.

"கண்ணெ மூடு."

மூடினேன்.

"இப்போ தொடறேன். தெரியுதா?"

"ம். தெரியுது."

"இப்போ நகத்தால அழுத்தறேன். வலிக்குதா?"

"வலிக்குதுப்பா. விடுங்க."

கண்ணைத் திறந்தேன். அப்பாவின் இரண்டு கைகளும் அவர் மடியில் இருந்தன.

"நான் உன்னெத் தொடவே இல்லடி" என்றார்.

மறுநாள் முதல் போட்டில் மூன்று பேரும் அக்கரை போனோம். ஜெட்டியில் துணி சுற்றிய கைகளைத் தாண்டும்போது அம்மா முந்தானையைத் தூக்கவில்லை. டாக்டர் ஒரு அம்மா, நரைக்கத் தொடங்கியவர். பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டார். "கண்ணு அடைச்சுக்கோ. தொட்ட இடத்தெ விரல்கொண்டு காட்டு." நான் காட்ட வேண்டிய இடங்களில் சும்மா இருந்தேன். முழங்கைக்குப் பின்னால் விரலை விட்டு உருட்டிப் பார்த்தார். அங்கே நரம்பு ஈரக் கயிறு போலத் தடித்திருந்தது. வியாதியின் பெயரை, சாதாரணமாக, சளி என்பது போலச் சொன்னார். அம்மா அங்கேயே அழத் தொடங்கினாள்.

"கரையண்டா. மருந்து உண்டு. கொஞ்ச வருஷம் ஒரு நாளும் முடங்காம தின்னணும், மாறும்." பிறகு என் சுண்டுவிரலை நிமிர்த்தி விட்டார். அது மடங்கியது. "இது எப்போ தொட்டு இப்படி?"

"மூணு மாசம் இருக்கும்" என்றார் அப்பா.

"ஆடியில வந்திருந்தா பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். இனி விரல் நிமிரும்னு நான் உறப்புச் சொல்ல மாட்டேன்."

ஆடி. எனக்கு அந்த அறையில் வேறு எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது போட்டில் அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள், எங்களிடம் அல்ல. "ரெண்டும் இருந்திருக்கு பாரு. எட்டுக்காலியும் இருந்திருக்கு, இதுவும் இருந்திருக்கு. அது அரிச்ச அரிப்புல இது ஒளிஞ்சு இருந்துடுச்சு. எனக்குத் தோணாம போச்சே. நான்தான் கூட்டிட்டுப் போகலாம்னேன், நானேதான் விட்டுட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றும் சொல்லவில்லை, சாகிறவரை சொல்லவில்லை.

மாத்திரை அரிசி டப்பாவுக்குள் இருந்தது. பற்று வெளியே, எல்லோரும் பார்க்கிற சுவர்ப் பிறையில். சேச்சி கேட்பாள், "விஷம் இறங்கியோ?" அம்மா சொல்வாள், "இறங்கிட்டு வருது சேச்சி. மெல்லத்தான்." எட்டுக்காலிகளைக் கொல்லத் தொடங்கினால் கை குணமாகிவிட்டதா, காட்டு என்பார்கள். அதனால் அவை இருந்தன. என் வியாதிக்கு ஊர் வைத்திருந்த நல்ல பெயர் அந்தச் சுவரில் எட்டுக் காலோடு நின்றது. இன்னும் ஐந்து வருஷம் நாங்கள் அவற்றோடு குடியிருந்தோம். அப்பா தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிடுவார். நாற்காலியில் ஏறுவதை விட்டுவிட்டார். ஒருநாள் அவர் தட்டின் ஓரத்தில் ஒன்று வந்து நின்றபோது, எழுந்திருக்காமல், அதைப் பார்க்காமல், மிச்சச் சோற்றைத் தின்று முடித்தார்.

ஹையர் பரீட்சைக்கு நான் போகவில்லை. மாஸ்டரிடம் கண் வலி என்று சொல்லி அனுப்பினோம். எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிறல் மறைந்து மாத்திரை நின்றது. அம்மா என்னைக் கிழக்குக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வேண்டுதலை முடித்தாள், மனசார. கிணற்றுத் தண்ணீரை என் கையில் ஊற்றும்போது அழுதாள். தண்ணீரின் குளிர் எனக்கு அங்கங்கேதான் தெரிந்தது. குளிருகிறது என்று சொன்னேன்.

விரல் மட்டும் வரவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி அம்மா தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்காருவாள். எண்ணெயைச் சூடு பண்ணி, முதலில் தன் கன்னத்தில் தொட்டுப் பார்ப்பாள், எனக்குச் சூடு தெரியாது என்பதால். என் கையை மடியில் வைத்து, சுண்டுவிரலை உள்ளங்கையால் அழுத்தி நிமிர்த்துவாள். பத்து வருஷத்துக்கும் மேலாக.

"அன்னைக்கே இழுத்துட்டுப் போயிருக்கணும். என் புத்தி. பெத்தவ நான் பாத்திருக்கணும். உன் கையெக் கெடுத்தவ நான்தான்டி."

நான் வாயைத் திறப்பேன். "அம்மா, அன்னைக்கு..."

"என்ன?"

ஒரு வாக்கியம்தான். அரிக்கவில்லை அம்மா. அதைச் சொன்னால் அவள் பாரம் இறங்கும், அது எனக்குத் தெரியும். அந்தப் பாரத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லாமல் இருந்தது.

"எண்ணெய் மதி" என்பேன். "போதும்மா."

"இருடி, இன்னும் கொஞ்சம்" என்று அவள் விரலை நிமிர்த்துவாள். கையை எடுத்ததும் அது மெல்ல மடங்கும். அவள் மறுபடியும் பிடிப்பாள்.